மாதா நி பச்சேடி: துணியே கோயில்

குஜராத்தின் பெசராஜியில் பகுச்சரா மாதாவைத் தரிசித்து அகமதாபாத் திரும்புகிறவர்கள், அந்நகரின் வாஸ்னா பகுதியில் சித்தாரா குடும்பத்தார் மாதா நி பச்சேடி என்ற வழிபாட்டுத் துணியை அச்சிடும் இடத்தையும் பார்த்துவிட்டே ஊர் திரும்ப வேண்டும். சேவல்மேல் அமர்ந்த அதே அன்னை அங்கே துணியில் எழுந்தருளுகிறாள்.

மாதா நி பச்சேடி என்றால் அன்னைக்குப் பின்னால் இருப்பது என்று பொருள். கோயிலுக்குள் விடப்படாத வாகரி சமூகத்தார் சுற்றிலும் துணி கட்டி, மேலே சந்தர்வோ என்ற விதானம் விரித்து, உள்ளே அவளை வைத்துக் கும்பிட்டார்கள். அந்தத் துணிதான் அவர்களுக்குக் கருவறைச் சுவர். விலை கேட்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

வாகனத்தைப் பார்த்தால் தேவியைத் தெரிந்துகொள்ளலாம். கறுப்பு ஆடு என்றால் மேலடி, முதலை என்றால் கோடியார், எருமை என்றால் விஹத். நாய்மேல் இருப்பவள் ஹட்காய். வெறிநாய்க்கடிக்குப் பயந்தவர்கள் அவளைத்தான் வேண்டிக்கொள்வார்கள்.

வேலை கஞ்சி போக்குவதில் தொடங்குகிறது. கஞ்சி மிச்சமிருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் துணி இளமஞ்சளாகிவிடும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் கறுப்பு மை தயார். சரியாகப் புளிக்காத மை வெளிறிப் பழுப்படித்துவிடும். ஓரங்களுக்கு அச்சுக்கட்டை, நடுவில் அன்னையை மூங்கில் குச்சியால் வரைவதும் உண்டு. நம் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரியிலும் இதே கடுக்காயும் இரும்புக் கறுப்பும்தான்.

சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் குழம்பைத்தான் பூசுகிறார்கள். குழம்பு நீர்த்துப்போனால் கோட்டைத் தாண்டிக் கசியும். காய்ந்தபின் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். சபர்மதிக் கரையில் இந்தக் கலை வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். தேங்கிய தண்ணீரில் அலசினால், கரைந்த படிகாரம் வெள்ளைப் பகுதியில் படிந்து, பின்னால் அதுவும் சிவந்துவிடும்.

அடுத்து, அலிசரின் என்ற சிவப்புச் சாயமும் தாவ்டிப் பூவும் போட்ட கொதிநீரில் துணி இறங்குகிறது. தாவ்டி நம் நாட்டுமருந்துக் கடையில் தாதகிப்பூ. சாயம் சீராகப் பிடிக்க அது உதவும். கழியால் துணியை ஓயாமல் புரட்டப் புரட்ட, படிகாரம் பூசியும் அதுவரை கண்ணில் படாமல் இருந்த இடமெல்லாம் மெல்லச் சிவந்து, அன்னையின் சேலை தெரியவருகிறது. அங்கே நிற்கிறவர்களுக்குத் திரை விலகித் தீபாராதனை காண்பது போலவே இருக்கும்.

மழைக்காலத்தில் துணி காய்வது சிரமம். பங்குனி, சித்திரை வாக்கில் வரும் சைத்ர நவராத்திரிக்கு முந்தைய வெயில் நாட்களில், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.