சித்தியைப் பிடிச்சுக்கிட்டோம், முத்துமாலையை விட்டுட்டோம்

2020 ஆகஸ்ட்ல கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரா பேசுனப்போ நடுவுல "சித்தி"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நம்மாளுங்க அதை வச்சே மீம்ஸ் போட்டுத் தள்ளுனாங்க. அதே பேச்சுல என் குடும்பம்னு அவங்க அடுத்தடுத்து அடுக்குனதுல ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாங்கற பேரும் இருந்துச்சு, அதை நம்ம பக்கம் பெருசா யாரும் கண்டுக்கல.

சுருக்கமா ஏ.கே.ஏ. வாஷிங்டன்ல ஹோவர்ட் யுனிவர்சிட்டியில 1908 ஜனவரி 15 அன்னிக்கு ஆரம்பிச்சது, கறுப்பின காலேஜ் பொண்ணுங்க தங்களுக்குன்னு உருவாக்குன முதல் சொராரிட்டி, அதாவது பொண்ணுங்க மட்டும் சேர்ற காலேஜ் சங்கம். கமலா அதே ஹோவர்ட்ல படிக்கறப்போ 1986ல இந்தச் சங்கத்துல சேர்ந்தாங்க, அவங்களோட ஒரே பேட்ச்ல மொத்தம் 38 பேர். ஒண்ணா சேர்ற பேட்சை அங்க லைன்னு சொல்லுவாங்க, கூட சேர்ந்தவ லைன் சிஸ்டர். காலேஜோட முடிஞ்சு போற சங்கதி இல்ல இது, பாட்டியானாலும் மெம்பர்தான்.

அடையாளம்னு பார்த்தா ஐவி இலை, ரோஸும் பச்சையும் (நம்மூரு பட்டுப்புடவை காம்பினேஷன்தான், ரோஸ் உடம்பு பச்சை பார்டர்), அப்புறம் முத்து. கமலா நிறைய போட்டோல முத்துமாலையோட நிக்கறாங்களே, நான் ரொம்ப நாளா அது சும்மா ஸ்டைல்னுதான் நெனச்சேன். ஏ.கே.ஏ கணக்குல முத்து இருபது, ஒவ்வொண்ணும் ஒரு ஆளுக்கு: முதல்ல எத்தல் ஹெட்ஜ்மன்னு ஒரு பொண்ணும் அவங்க கூட்டிட்டு வந்தவங்களும் சேர்த்து ஒன்பது பேர், அடுத்து சேர்ந்த ஏழு பேர், பின்னாடி சட்டப்படி பதிவு பண்ண உதவுன நாலு பேர்.

அந்தப் பதிவுக்குப் பின்னாடி பெரிய சண்டையே இருக்கு. 1912 கடைசியில அப்ப படிச்சிட்டிருந்த 22 பொண்ணுங்க பேரு, கலர், சின்னம் எல்லாத்தையும் மாத்தணும், அரசியல் சமூக விஷயங்கள்லயும் இன்னும் தைரியமா இறங்கணும்னு முடிவெடுக்க, படிப்பு முடிச்சுட்டுப் போயிருந்த பழைய தலைவி நெல்லி குவாண்டர் முடியவே முடியாதுன்னு நின்னுட்டாங்க. 22 பேரும் பிரிஞ்சு போய் 1913 ஜனவரி 13ல டெல்டா சிக்மா தீட்டா ஆரம்பிச்சாங்க, நெல்லி சும்மா இருப்பாங்களா, அதே மாசம் 29ஆம் தேதி பழைய பேரு பழைய கலரோட ஏ.கே.ஏவைப் பதிவு பண்ணிட்டாங்க. டெல்டாக்காரங்க சிவப்பும் க்ரீமும், அப்புறம் யானை. மார்ச் 3ஆம் தேதியே வாஷிங்டன்ல பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்துல போய் நின்னாங்க, அதுக்காகவே எனக்கு அவங்க மேல ஒரு தனி மரியாதை. ஆனா நெல்லியையும் குறை சொல்ல மனசு வரல, கலருக்காகவா சண்டைன்னு கேக்கலாம்தான், அவங்களுக்கு அது வெறும் கலரா இருந்திருக்காது.

எனக்குப் பிடிக்காத விஷயமும் இருக்கு. புதுசா சேர வர்றவங்களை வாட்டி எடுக்கற பழக்கம், நம்ம காலேஜ் ராகிங் மாதிரியேதான். 1990ல இந்த மாதிரி கறுப்பின மாணவர் அமைப்புகளோட கூட்டமைப்பே பழைய பிளெட்ஜிங் முறையை (புதுசா சேர்றவங்களைச் சோதிச்சுப் பார்க்கற காலம்) ஒழிச்சுட்டோம்னு அறிவிச்சும் திருட்டுத்தனமா நடக்குதுன்னு புகார் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அக்கா தங்கச்சின்னு கூப்பிட்டுக்கிட்டு எதுக்கு இந்த வேலை?

சரி, அவங்க கூப்பிடற சத்தத்தைப் பத்திச் சொல்லணும். ஏ.கே.ஏ மெம்பர் இன்னொரு மெம்பரைப் பார்த்தா "ஸ்கீ-வீ"ன்னு உச்சஸ்தாயில ஒரு குரல் குடுப்பாங்க, கூட்டமா இருந்தா காது கிழியும். வெளியாள் யாராவது விளையாட்டுக்குச் செஞ்சா செம கடுப்பாயிடுவாங்க. 2019 ஜனவரியில கமலா அதிபர் தேர்தல்ல நிக்கறேன்னு சொல்லிட்டு ஹோவர்ட்ல பேச வந்தப்போ இந்தக் குரல் எழும்புச்சு, ஒரு நிருபர் அது என்னன்னு தெரியாம கிறீச்சுனு கத்துறாங்கன்னு ட்வீட் போட்டுட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. அதுவும் எங்க இருந்து? அந்தச் சொராரிட்டி பொறந்த காலேஜுக்குள்ளயே உக்காந்துகிட்டு.