கழுத்தில் புதைந்த எண்

அப்பாவின் புல்லட்டை ஓட வைக்க ஐந்து மாதம் ஆனது. அதன் காகிதங்களைச் சரிசெய்ய மேலும் ஒன்பது மாதம் ஆனது. இரண்டையும் நான் தலைகீழ் வரிசையில் செய்தேன். பழைய வண்டி ஒன்றைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பவர்கள் அந்தத் தவறைச் செய்யாமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1984ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. திருவொற்றியூர் ஆலையில் உருவானது, வார்ப்பிரும்பு சிலிண்டர், 346 சிசி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்த அப்பா, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள அத்தனை ஊருக்கும் இதில்தான் போய்வந்தார். முட்டிவலி வந்து கிக்கரை உதைக்க முடியாமல் போனதும் 2011இல் மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினார். 2019இல் அவர் காலமானார். 2022 தைப்பொங்கல் விடுமுறையில் நான் கொட்டகையைச் சுத்தம் செய்யப் போய், வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன்.

இந்த வண்டியில் ஒரு வசதி உண்டு. இந்திய ராணுவம் 1950களின் தொடக்கத்தில் கேட்டதால் சென்னைக்கு வந்த ஆங்கிலேய வண்டி இது. இங்கிலாந்தில் தயாரிப்பு நின்ற பிறகும் இங்கே பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் அதே என்ஜின் வந்துகொண்டிருந்தது. அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. யெஸ்டி, ராஜ்தூத் போன்ற பழைய பைக்குகளை வைத்திருக்கும் நண்பர்கள் ஒரு சிறு பாகத்துக்கு மாதக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு நாள், புதுப்பேட்டையில் அரை நாள் போதுமானதாக இருந்தது. தட்டுப்பாடு நல்ல பாகத்துக்குத்தான். அங்கே வாங்கிய முதல் சிபி பாயிண்ட் (தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிறு பாகம்), தென்னந்தோப்பில் ஒரு வாரம் ஓட்டுவதற்குள் தேய்ந்துவிட்டது. பெட்டியில் இருந்த பெயர் அசலானது, உள்ளே இருந்த சாமான் அசலில்லை.

திருச்சி பாலக்கரையில் நாற்பது வருடமாகப் புல்லட் மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். பிஸ்டன் இறுகியிருந்தது. அவர் சிலிண்டரை லேத்துக்கு அனுப்பி போரிங் செய்து, அடுத்த அளவு பிஸ்டன் போட்டார். எண்ணெய் பம்பைக் கழற்றி ஒவ்வொரு துவாரமாக ஊதிப் பார்த்தார். அதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது. வண்டியைப் புதிது போலாக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்ததுதான் வினை. சட்டகத்தைத் தனியே பிரித்து, மணல் அடித்துத் துரு நீக்கி, பவுடர் கோட்டிங் செய்து வாங்கினேன். அப்படியே கருங்கல் சிலை மாதிரி பளபளத்தது.

பெட்ரோல் டேங்கை மட்டும் தொட பாய் விடவில்லை. அதன் தங்கக் கோடுகள் ஆலையில் கையால் தூரிகை பிடித்து இழுத்தவை. “இதை அழித்தால் திரும்ப வராது தம்பி” என்றார். அப்பாவின் முழங்கால் உரசிய இடத்தில் கோடு மங்கியிருக்கிறது. அது அப்படியே இருக்கிறது.

இனி காகிதம். மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 1999, 2004, 2009 என மூன்று முறை ஒழுங்காகப் புதுப்பித்திருந்தார். 2014இல் காலாவதியானதை யாரும் கவனிக்கவில்லை. ஆக, உரிமையாளர் உயிரோடு இல்லை, பதிவு உயிரோடு இல்லை, காப்பீடு 2011லேயே முடிந்துவிட்டது.

முதலில் காப்பீட்டு இணையதளங்களில் பதிவெண்ணைத் தட்டினேன். ஊர் எண் வராத பழைய மூன்றெழுத்துப் பதிவெண் அது. அப்படி ஒரு வண்டியே இல்லை என்றன எல்லாத் தளங்களும். ஒரு தனியார் நிறுவனத்தின் தொலைபேசியில் பேசிய பெண், “சார், வருடத்தைத் தப்பாகச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது” என்றார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனால், புதுப்பிக்கக் காப்பீடு வேண்டும் என்றார்கள். காப்பீட்டு முகவரிடம் போனால், நடப்பில் உள்ள பதிவு வேண்டும் என்றார். புகைச் சான்று மையத்திலோ, அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் எண் இல்லாமல் இயந்திரமே சான்று அச்சடிக்காது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த முடிச்சு அவிழும் நுனி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நுனி தரவேற்றத்தில் இருக்கிறது. பழைய வண்டிகளின் விவரம் அலுவலகத்தின் கனமான பதிவேடுகளில் மட்டும் இருக்கும்; அதைக் கணினியில் ஏற்றச் சொல்லித் தனி மனு கொடுக்க வேண்டும். அதற்குக் காப்பீடு கேட்பதில்லை. அசல் ஆர்.சி. புத்தகத்தையும் வரி கட்டிய ரசீதுகளையும் காட்டினேன். அப்பா 1984இல் கட்டிய ரசீதைக்கூட நூல் கோத்து வைத்திருந்தார். அந்த நூல்தான் என்னைக் காப்பாற்றியது. கூடவே தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அம்மாவும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று நோட்டரி முன் எழுதிக் கொடுத்த உறுதிமொழி, வாரிசுக்குப் பெயர் மாற்றும் படிவம் 31, புதுப்பிக்கும் படிவம் 25 எல்லாம் தயாராக வைத்துக்கொண்டேன். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நான் மூன்று வருடம் கழித்துப் போய் நின்றேன்.

தரவேற்றம் முடிந்ததும் வண்டியைக் குட்டியானையில் ஏற்றி ஆய்வுக்குக் கொண்டுபோனேன். சாலையில் ஓட்டிச் செல்ல எந்த உரிமையும் எனக்கு அப்போது இல்லையே. ஆய்வாளர் இளைஞர். சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். புல்லட்டில் அது கைப்பிடித் தண்டு நுழையும் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும். காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தேய்த்தேன். கருப்பு மெழுகியது போல் ஒரு பட்டை வந்தது. நான் பெருமையோடு போட்ட பவுடர் கோட்டிங் எண்களின் பள்ளத்தை நிரவிவிட்டிருந்தது. “எண் இல்லாத வண்டியை நான் எப்படி சார் பார்ப்பது?” என்றார். அவர் மேல் தப்பில்லை.

வண்டி மறுபடி குட்டியானை ஏறியது. பாயிடம் உப்புத்தாள் கேட்டேன். அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எண்ணின் மேல் உப்புத்தாள் போட்டால் தேய்த்து மாற்றியது போலத் தெரியும். பிறகு அது திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கு ஆளாகும். தின்னருக்கும் பவுடர் கோட்டிங் அசையாது. பெயிண்ட் நீக்கும் பசையைப் பூசி, ஊறவைத்து, பழைய பல்துலக்கியாலும் மூங்கில் குச்சியாலும் இரண்டு நாள் சுரண்டினோம். எண்கள் மெல்ல மேலே வந்தன. மணல் அடித்ததில் ஒரு எட்டு மட்டும் மூன்று மாதிரி மழுங்கியிருந்தது. என்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஆய்வாளர் அதை எட்டு என்று ஒப்புக்கொண்டார். சட்டகத்தைப் பெயிண்டுக்குக் கொடுக்கும் முன் எண்ணைப் படம் எடுத்து, பென்சில் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிக் கொடுங்கள். அரை மணி நேர வேலை.

காப்பீட்டைக் கொடுத்தது ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கிளை. ஓய்வு பெறும் வயதிலிருந்த அலுவலர் ஒருவர் வாரிசுக் காகிதங்களைப் படித்துப் பார்த்து, என் பெயரிலேயே மூன்றாம் நபர் பாலிசி, அதாவது என் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டுமான காப்பீடு, போட்டார். 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 350ஐத் தாண்டினால் 2,804. நான்கு சிசியில் தப்பித்தேன்; புல்லட் 500 வைத்திருக்கும் நண்பனிடம் இதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு என் காரின் பாலிசியிலேயே இருந்ததால் இரண்டாவது முறை வாங்கத் தேவையில்லை. இதை நாமாகச் சொன்னால்தான் கழிப்பார்கள்.

வண்டிக்கே காப்பீடு வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு மதிப்பு அட்டவணை கிடையாது. நிறுவனமும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். அலுவலர் சொன்ன தொகைக்கு என் டேங்கும் முகப்பு விளக்குக் கூடும்கூட வராது. அதையும் ஒப்புக்கொண்டு வாங்கினால், பத்து ஆண்டு கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். ரப்பருக்கும் பேட்டரிக்கும் எப்போதும் பாதிதான். மறுக்க முடியாத கணக்கு. அந்தப் பணத்துக்கு ஒரு கனமான சங்கிலிப் பூட்டு வாங்கினேன்.

ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த தனிப் பதிவு விதியைப் பற்றியும் கேட்பார்கள். வி.ஏ. என்ற எழுத்தோடு எண் தருவார்கள், கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போய்வரலாம். என் வண்டிக்கு 2034 வரை அந்தப் பேச்சே இல்லை. வந்தாலும் எனக்கு வேண்டாம். இது சந்தைக்குப் போகும் வண்டி.

புகைச் சான்றில் ஒரு சிறு கூத்து நடந்தது. 2000 மார்ச்சுக்கு முந்தைய இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. தாராளமான வரம்புதான், முதல் முறை அதையும் தாண்டிவிட்டது. பாய் கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து காற்றை அதிகமாக்கினார். சான்று கிடைத்தது. அப்படியே ஓட்டினால் என்ஜின் கொதிக்கும் என்று, வரும் வழியில் பாதி திரும்ப மூடினார்.

காத்திருந்த மாதங்களில் தோப்புக்குள் ஓட்டித்தான் அதன் குணம் பழகினேன். சாவியைப் போட்டு, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷரை அழுத்தி, மின்னோட்டம் காட்டும் ஆம்ப்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல இறக்க வேண்டும். பிறகு விட்டு உதைத்தால் ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் அது நம்மை உதைக்கும். அப்பாவின் முட்டிவலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாரக்கணக்கில் நின்றால் மேலிருக்கும் எண்ணெய் பம்ப் வழியே என்ஜினின் அடிக்கு இறங்கிவிடும். கிளப்பியதும் தெருவே புகையாகும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. குழாய்களை மாற்றினேன், வீட்டை நெருங்கும்போதே பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பதை எரித்துவிட்டு நிறுத்துகிறேன். வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட்டை ஆறிய என்ஜினில்தான் பார்க்க வேண்டும். தள்ளுகம்பி விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த வேலைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே செய்கிறேன். சிபி பாயிண்ட் இடைவெளியை மட்டும் இன்னும் பாயிடம் விட்டுவிடுகிறேன்.

கடைசி ஆய்வில் அந்த இளம் ஆய்வாளர் தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். வலது கால் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தார். வண்டி ஒரு குதி குதித்து மதிலுக்கு ஓரடி முன்னால் அணைந்தது. இறங்கி, சிரித்து, கையெழுத்துப் போட்டார். 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 1,000 ஆகியிருந்தது. வண்டியைக் கொட்டகையிலிருந்து தள்ளிய வாரமே காகிதத்தைத் தொடங்கியிருந்தால் ஒருவேளை பழைய கட்டணத்திலேயே முடித்திருக்கலாம். 2025இல் இருபது ஆண்டு கடந்த வண்டிக்கு அது 2,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி.

2023 பங்குனியில் புதிய பதிவு அட்டை கைக்கு வந்தது. முதலில் சேஸிஸ் எண்ணைத்தான் சரிபார்த்தேன். எட்டு, எட்டாகவே இருந்தது. பிறகுதான் மற்றதைப் படித்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். அப்பாவின் பெயர் ஒரு வரி கீழே, தந்தை பெயர் என்ற இடத்துக்கு இறங்கியிருந்தது.