இரங்கலும் இறக்கை முளைத்த இளவரசர்களும்: ஒரு வாசக நாட்குறிப்பு

ஏப்ரல் 16, 2025, பாம்பன்

மீன்பிடித் தடைக்காலம் நேற்றுத் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டியே கிடக்கும். இந்த நாட்களில் கல்லூரிப் பிள்ளைகளிடம் கைமாறிக்கொண்டிருக்கும் புத்தகங்களைப் பற்றி அவ்வப்போது எழுதிவைக்கும் குறிப்புகள் இவை. மாயமும் காதலும் கலந்த இளையோர் நாவல்கள். பிள்ளைகள் வாயில் 'ரொமான்டஸி'. ஒரு தொகுதி 400 முதல் 600 பக்கம். மணிக்கு 40 பக்கம் ஓட்டினாலும் 10 முதல் 15 மணி நேரம் போய்விடும்.

கதையின் அச்சு பெரும்பாலும் ஒன்றே. நாயகிக்கு 17 முதல் 19 வயது, வீட்டில் வறுமை, கையில் வில்லோ கத்தியோ. புத்தகத்தின் பத்தில் ஒரு பங்கு முடிவதற்குள் அவள் வேற்று அரண்மனைக்கோ பயிற்சிக்கூடத்துக்கோ போய்ச் சேர்கிறாள். அங்கே கறுப்பு உடையில் ஒரு எதிரி. நடுவில் ஒரு நடன விருந்து, முக்கால் பங்கில் ஒரு துரோகம், கடைசிப் பக்கத்தில் அடுத்த தொகுதிக்கான தூண்டில்.

இதை வைத்துக் கேலி செய்பவர்கள் அகத்திணையை, அதாவது நம் சங்கக் காதல் பாட்டு மரபை, மறந்துவிடுகிறார்கள். களவு (மறைவான காதல்), அலர் (ஊர்ப்பேச்சு), இற்செறிப்பு (வீட்டுக்காவல்), உடன்போக்கு (தலைவனோடு ஊரைவிட்டுப் போவது) என்று எல்லாமே கட்டிவைத்த துறைகள்தான். தோழி அடுத்து என்ன சொல்வாள் என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். இட்லித் தட்டு எல்லா வீட்டிலும் ஒன்றுதான், மாவுதான் வேறு.

ஏப்ரல் 19

வாங்குவதற்கு முன்னாலோ இரவல் எடுத்த அன்றோ செய்ய வேண்டிய சோதனை. பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் 50 பக்கம் படிக்க வேண்டும்.

முதலில், மாயத்துக்கு விலை இருக்கிறதா? மந்திரம் போட்டவளுக்கு ரத்தமோ நினைவோ ஆயுளோ குறைய வேண்டும். விலை இல்லாத மாயம் இருந்தால் 400-ஆம் பக்கத்தில் நாயகி திடீரென்று புதுச் சக்தி பெற்றுத் தப்பிப்பாள் என்று இப்போதே எழுதிவைத்துக்கொள்ளலாம். அடுத்து, சாப்பாடு எங்கிருந்து வருகிறது? பனி மூடிய அரண்மனையில் திராட்சைக் குலை இருந்தால் அதை யார் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஒரு வரியாவது வேண்டும். பிறகு, நாயகிக்கு நாயகனைத் தவிர வேறு யாரிடமாவது பேச விஷயம் இருக்கிறதா? தங்கை, தோழி, சமையற்காரி யாராக இருந்தாலும் சரி.

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் மூடிவைத்துவிடலாம். பாதியில் விடுவதைப் பிள்ளைகள் 'டிஎன்எஃப்' என்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு சிறு கணக்கு: நாயகனின் வாசனை எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டே வரலாம். பைன் மரம், மழை, புகை. 50 பக்கத்தில் ஐந்தைத் தாண்டினால் ஆசிரியரிடம் அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 23

'ஃபே' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'தேவதை' என்றதும் வெள்ளை உடையும் கையில் நட்சத்திரக் குச்சியும் வந்து நின்றுவிடும். இந்த நாவல்களில் வரும் ஃபே அழகானவை, மனிதரைவிட நெடுங்காலம் வாழ்பவை, மனிதரை அழிக்கக்கூடியவை. நமக்கு 'அணங்கு' இருக்கிறது. அழகும் வருத்தமும் ஒரே சொல்லுக்குள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற நம்பிக்கையில் அவற்றுக்கு இரும்பு ஆகாது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்புத்துண்டு வைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஃபே பொய் சொல்ல முடியாது என்ற விதியைப் பல ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் சரியாகக் கையாளும் நாவலில் உரையாடல் பிரமாதமாக இருக்கும். உண்மையை மட்டுமே சொல்லி ஏமாற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு வாக்கியத்தையும் வக்கீல் போலச் செதுக்க வேண்டியிருக்கிறது. திரும்பப் படிக்கும்போது பொறி எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியும். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மே 4

வயதுக் கணக்கு. 'ட்வைலைட்' என்ற ரத்தக்காட்டேரிக் காதல் வரிசை 2005 முதல் 2008 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. அதன் நாயகன் 1901-இல் பிறந்து, 1918-இல் 17 வயதோடு உறைந்துபோனவன். பெண்ணுக்கு 17. அதற்குப் பிறகு வந்த ஃபே இளவரசர்களுக்கு 500 வயது என்பது சாதாரணம்.

தொல்காப்பியம் தலைவன் தலைவிக்குப் பத்து ஒப்புச் சொல்கிறது. அதில் 'ஆண்டு', அதாவது வயது, ஒன்று. 'இளமை தீர்திறம்', இளமை கடந்தவரின் காதல், பெருந்திணையில் போய் விழுகிறது, அதாவது பொருந்தாக் காமம். ஐநூறு வயது ஆளுக்குப் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் பேச என்ன இருக்கும் என்பதை நாவல் கேட்டாக வேண்டும். கேட்காமல் அவனுக்கு இருபது வயது முகத்தை மட்டும் மாட்டிவிட்டால், அவன் 500 வயதுக்காரன் என்பது வெறும் அலங்காரம். அவ்வளவு காலம் வாழ்ந்தவன் எத்தனை மொழி மறந்திருப்பான், எத்தனை பேரைப் புதைத்திருப்பான்? அதில் ஒரு பக்கம் கூடச் செலவழிக்காத நாவல்களே அதிகம்.

மே 9

"அக்கா, இதைத் தங்கச்சிக்குக் கொடுக்கலாமா?" அடிக்கடி வரும் கேள்வி. அட்டையை நம்பக் கூடாது. 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' 2015-இல் இளையோர் நூலாக வந்தது. 2020-இல் அட்டை மாற்றிப் பெரியவர்களுக்கான நூலாக வெளியிட்டார்கள். உள்ளே இருப்பது அதே கதைதான். 2023-இல் வந்த 'ஃபோர்த் விங்' முதலிலிருந்தே பெரியவர்களுக்கானது, ஆனால் இளையோர் அலமாரியிலேயே அதைப் பார்க்கலாம். 13 வயதுப் பிள்ளைக்கு வாங்கும்போது அந்த வரிசையின் இரண்டாம் தொகுதியையும் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். முதல் தொகுதியில் அடக்கி வாசித்துவிட்டு இரண்டாவதில் படுக்கையறைக் கதவைத் திறந்துவிடுவது இந்த வகையின் வழக்கம்.

மே 12, சித்ரா பௌர்ணமி

கடல் வரும் அத்தியாயங்கள். இந்தக் கரையில் உட்கார்ந்து படித்தால் சிரிப்பு வரும், சில நேரம் எரிச்சலும்.

காற்று எதிரே அடிக்கிறது, கப்பல் நேராகப் பாய்ந்து போகிறது. பாய்க்கப்பல் காற்றின் முகத்துக்கு நேராக ஓடவே ஓடாது. அதிலும் படத்தில் வரும் சதுரப் பாய்க் கப்பல் ஏறத்தாழ 65 பாகை விலகி, பாயை மாற்றி மாற்றி வளைந்துதான் முன்னேறும். துரத்தும் கப்பலுக்கும் அதே கதிதான். அதைச் சரியாக எழுதினால் துரத்தல் இன்னும் பதற்றமாக இருக்கும்: இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகிப்போய் மறுபடி நெருங்கும்.

பௌர்ணமியில் மட்டும் கடல் ஏறும் என்று ஒரு நம்பிக்கை. அமாவாசையிலும் அதே ஏற்றம் உண்டு. ஒளிந்து தப்பிக்க நினைக்கும் நாயகி நிலா வெளிச்சத்தில் ஏன் படகேற வேண்டும்? அமாவாசை இரவில் அவளுக்கு ஏற்றமும் கிடைக்கும், இருட்டும் கிடைக்கும்.

நங்கூரம்: ஆழ்கடல் நடுவில் சட்டென்று போடுகிறார்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும். பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைந்த கடலில் சரி, பெருங்கடலில் அந்தக் கயிற்றை எங்கே சுருட்டிவைப்பது?

புயல்: இரவில் வருகிறது, முத்தம் முடிகிறது, காலையில் கடல் கண்ணாடி. காற்று ஓய்ந்த பிறகும் நீரோட்டமும் பேரலையும் உடனே அடங்குவதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்த ஊரில் இந்தக் காலைக் காட்சி எடுபடாது.

இவ்வளவையும் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, கடல் அந்தக் காதலில் எதையும் மாற்றாமல் போவது. கடற்கரைத் திணையான நெய்தலில் கடலும் எற்பாடும் (பொழுது சாயும் நேரம்) புன்னையும் இருப்பதால்தான் இரங்கல், பிரிந்தவனை எண்ணி வருந்துவது. பொழுது சாயும், படகு வரவில்லை, அவள் நிற்கிறாள். நிலத்தை எடுத்துவிட்டால் அந்தத் துயரம் நிற்க இடமில்லை. இந்த நாவல்களில் பலவற்றில் கப்பலை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்தாலும் காதல் அப்படியே நடக்கும்.

மே 13

மீன்வால் பெண்கள் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, பார்த்துத்தான் கடற்கன்னிக் கதை வந்தது என்று சொல்வார்கள். அந்த உயிரி கடற்புல் மேயும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும். மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டிய ஒரு நாயகியை யாரும் எழுதிப் பார்க்கவில்லையே என்று தோன்றுகிறது. விலை உள்ள மாயம் அங்கேயே இருக்கிறது.

மே 17

உப்புக் காற்றில் புத்தகம் காப்பது. ஓரத்தில் வண்ணம் பூசிய பதிப்புகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றே முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மாறி மாறி இருபது இருபது பக்கமாக மெல்லப் பிரித்துவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் முதுகுப் பசை உடையும், நிழல் போதும். நடைபாதைக் கள்ளப்பதிப்பு என்றால் காசு கொடுக்கும் முன் பக்க எண்களை 16, 32, 48 என்று தட்டிப் பார்க்கவும். அந்த இடங்களில்தான் தாள் மாறியிருக்கும், சிலவற்றில் உச்சக்கட்டமே காணாமல் போயிருக்கும்.

மே 20

இரண்டாம் தொகுதி ஏன் தொய்கிறது? முதல் தொகுதியில் இருவருக்கும் நடுவே இருந்த பகை தீர்ந்துவிட்டது. ஆசிரியர் பிரிவை உண்டாக்க வேண்டும். அதற்கு மலிவான வழி, ஒரே வாக்கியத்தில் தீரும் விஷயத்தை இருவரும் 300 பக்கம் பேசாமல் இருப்பது. அதைவிட மலிவானது 'விதித்த துணை': இவளுக்கு இவன்தான் என்று மாயமே முடிவு செய்துவிடும். பிறகு அவள் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

மணிமேகலையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவளைத் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரன் சென்ற பிறப்பில் அவள் கணவன் இராகுலன் என்பது அவளுக்கே தெரியும். மனமும் அவன் பக்கம் சாய்கிறது. விதித்த துணைதான், ஆனாலும் அவள் துறவிலிருந்து திரும்புவதில்லை. அவனிடமிருந்து தப்பத் தெய்வம் கொடுத்த மந்திரத்தால் காயசண்டிகை என்ற இன்னொரு பெண்ணின் உருவம் எடுக்கிறாள். பன்னிரண்டு ஆண்டு கழித்து மனைவியைத் தேடி வந்த காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அந்த உருவத்தை நம்பிப் பொறாமையில் உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். அவள் மாயத்துக்கு அவன் உயிர் விலையாகிறது.

50 பக்கச் சோதனையில் இது தேறும். சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் பதில் இருக்கிறது: அமுதசுரபி.