டிவியில் ஓவியம், மூன்றாம் மாதம்: வெள்ளை ஒருவழியாக ஒட்டிவிட்டது

நேற்று மாலை ஆறரைக்கு ஒட்டிவிட்டது. திரையில் வரைந்த மவுன்ட்டின் (ஓவியத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வரும் அட்டை ஓரம்) வெள்ளையும், திரை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்த நிஜ மவுன்ட் அட்டைத் துண்டின் வெள்ளையும் ஒன்றாகி, இரண்டுக்கும் நடுவில் இருந்த எல்லை கண்ணுக்குத் தெரியாமல் போனது. சுவரில் இருக்கும் டிவியை நிஜ ஓவியம் போலத் தோன்றவைக்க மூன்று மாதமாக இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாகப் போன அம்மா நின்று, "இதை எப்பப்பா பிரிண்ட் எடுத்து மாட்டினே?" என்று கேட்டாள். டிவிதான் என்றதும் நம்பாமல் கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் அந்தச் சுவரைவிட்டு நகரவே இல்லை.

சுவரில் மாட்டுவது, ஒயரை மறைப்பது, படங்களைச் சுழல விடுவது எல்லாம் இதில் இறங்கியவர்களுக்குத் தெரிந்ததுதான், அதைத் தாண்டிப் போகிறேன். 43 அங்குல 4கே எல்சிடி, பின்னால் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி (இனி 'பை'). டைனமிக் கான்ட்ராஸ்ட், லோக்கல் டிம்மிங், ஓவர்ஸ்கேன், மின்சேமிப்பு என்று டிவி தானாகப் படத்தை மாற்றுகிற அமைப்புகள் எல்லாம் முதல் நாளே அணைத்தாகிவிட்டது. ஷார்ப்னெஸ்ஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அதைச் சுழியத்துக்குக் கொண்டுவராமல் தூரிகைத் தீற்றலைப் பற்றிப் பேசவே கூடாது, ஒவ்வொரு தீற்றலைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றைப் போட்டு ஓவியத்தைக் கெடுத்துவிடுகிறது. டிவிக்குள்ளேயே இருக்கும் போட்டோ செயலியையும் நம்ப வேண்டாம். பேனல் 4கே என்றாலும் பல டிவிகளில் அந்தச் செயலி அதைவிடக் குறைந்த 1080 தரத்தில்தான் படத்தை வரைகிறது. பை வாங்கியதே அதனால்தான்.

சரி, வெள்ளைக்கு வருகிறேன். டிவியில் ஓவியம் போட்டால் ஏன் அது டிவியாகவே தெரிகிறது? கூர்மை போதாததால் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வெளிச்சம். சுவரில் மாட்டிய காகிதம் அறையின் ஒளியை வாங்கித் திருப்பித் தருவதோடு சரி. அறை மங்கினால் அதுவும் மங்கும். எவ்வளவு என்று கணக்குப் போடலாம்: சுவரில் விழும் ஒளியின் அளவான லக்ஸை 0.85-ஆல் பெருக்கி (நல்ல வெள்ளை அட்டை ஏறக்குறைய அவ்வளவு ஒளியைத் திருப்பும்) கணிதத்தில் வரும் பை மதிப்பான 3.14-ஆல் வகுத்தால் நிட் (ஒரு பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு) கணக்கில் விடை வரும். என் சுவரில் பகலில் 250 லக்ஸ், அதாவது காகிதம் 68 நிட். மாலையில் விளக்கு போட்ட பிறகு 60 லக்ஸ், காகிதம் வெறும் 16 நிட். கடையிலிருந்து வந்த நிலையில் ஒரு டிவி 300 நிட்டுக்குச் சாதாரணமாக எரியும். பக்கத்தில் இருக்கும் காகிதத்தைவிடப் பதினெட்டு மடங்கு பிரகாசமான ஒன்றை எந்தக் கண்ணும் காகிதம் என்று ஏற்காது, அதில் என்ன ஓவியம் இருந்தாலும் சரி.

அதனால் பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை) மெனுவில் சுழியம் வரை இறக்கினேன். போதவில்லை. திரை ஓரத்தில் அட்டைத் துண்டை ஒட்டி, அதை ஒட்டினாற்போல் திரையில் ஒரு சாம்பல் கட்டத்தைப் போட்டு, அதன் எண்ணை முழு வெள்ளையான 255-இலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும், கிட்டே நின்றால் மூளை ஏமாற்றுகிறது. 152-இல் இரண்டின் பிரகாசமும் ஒன்றானது. காமா (எண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு) 2.2 என்று வைத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டால், பேக்லைட் சுழியத்திலும் இந்தப் பேனலின் முழு வெள்ளை 50 நிட் பக்கம் இருக்கிறது என்று தெரிகிறது. அதாவது பேக்லைட்டால் மட்டும் இதை முடிக்கவே முடியாது, மீதியைப் படத்துக்குள்ளேதான் குறைக்க வேண்டும். இது தெரியாமல் மெனுவுக்குள்ளேயே ஒரு மாதம் சுற்றிக்கொண்டிருந்தேன், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

பிரகாசம் ஒன்றான பிறகுதான் நிறத்தின் வேறுபாடு கண்ணைக் குத்தியது. டிவி மெனுவின் 'வார்ம் 2' என்பது பெயருக்குத்தான் வெதுவெதுப்பு, அது ஏறக்குறைய 6500 கெல்வின், பகல் வெளிச்சத்தின் வெள்ளை. என் மாலை விளக்கு 2700 கெல்வின் (எண் குறையக் குறைய மஞ்சள்). அந்த விளக்கின் கீழ் அட்டை மஞ்சளாக இருக்க, பக்கத்தில் திரை நீலம் பூத்துக் கிடந்தது. ஒயிட் பேலன்ஸில் நீல கெயினை (நீலத்தின் அளவை) கடைசிவரை இறக்கியும் பாதி வழிதான் போக முடிந்தது. கெயினை எல்லாம் நடுவுக்கே திருப்பி வைத்துவிட்டு, மூன்று நிறத்தையும் பையிலேயே சரிசெய்ய ஆரம்பித்தேன். கடைசியில் நின்ற எண்கள்: சிவப்பு 205, பச்சை 140, நீலம் 75. இந்த எண்களை எடுத்துக் கணினியில் ஒரு கட்டமாகப் போட்டுப் பாருங்கள், ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி இருக்கும். அதே எண்கள் மாலையில் அந்தச் சுவரில் வெள்ளை அட்டையாக நிற்கின்றன. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நானே போன் கேமராவில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவைத்து நாலு தடவை படமெடுத்துச் சரிபார்த்தேன்.

இதில் ஒரு கண்ணி உண்டு. நீலத்துக்கு 0 முதல் 75 வரை மட்டும்தான் இடம் என்றால், மெல்ல மாறும் நிழல்கள் படிப்படியாக உடைந்து பட்டை பட்டையாகத் தெரியும். அதற்கு வழி, கணக்கை அதிகப் படிகள் கொண்ட 16 பிட்டில் செய்துவிட்டு, 8 பிட்டுக்கு இறக்கும்போது ஒரு படி அளவுக்கு நுண்ணிய இரைச்சலைத் தூவுவது. பட்டை போயே போய்விட்டது. கூடவே, அந்த இரைச்சல் இரண்டடி தூரத்தில் காகிதத்தின் சொரசொரப்பு மாதிரித் தெரிகிறது, இது நான் எதிர்பார்க்காத லாபம்.

கறுப்பைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்ஈடி திரைதான் வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. வார்னிஷ் பூசிய ஓவியத்தின் மிகக் கறுத்த இடம்கூட நூற்றில் ஓரிரு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும், ஆகவே நிஜ ஓவியத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள தூரம் ஐம்பது மடங்கு, மிஞ்சினால் நூறு மடங்கு. சாதாரண எல்சிடியே ஆயிரம் மடங்கு தரும். நான் கறுப்பைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன், உடனே அது சாயத்தின் கறுப்பாக மாறியது. ஒரே படத்தை மணிக்கணக்கில் நிறுத்தினால் ஓஎல்ஈடியில் தடம் பதியும் பயமும் இருக்கிறது.

அப்புறம் மவுன்ட்டின் சரிவு விளிம்பு, அதாவது உள்பக்கம் சாய்வாக வெட்டிய ஓரம். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தச் சட்டங்களில் நிழலை நாலு பக்கமும் ஒரே மாதிரி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். என் அறையில் வெளிச்சம் இடது மேலிருந்து வருகிறது. அப்படியானால் மவுன்ட்டின் நிழல் ஓவியத்தின் மேல் விளிம்பிலும் இடது விளிம்பிலும் விழ வேண்டும், சரிவு வெட்டின் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒளிர வேண்டும். 43 அங்குல 4கேயில் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு பிக்சல். இரண்டு மில்லிமீட்டர் சரிவுக்கு எட்டு பிக்சல். எட்டே பிக்சல்தான், ஆனால் அதைத் தப்பாகப் போட்டால் ஏதோ சரியில்லை என்று கண் கண்டுபிடித்துவிடுகிறது.

படங்களுக்கு அருங்காட்சியகங்களே போதும். நியூயார்க்கின் மெட் (மெட்ரோபாலிட்டன்) அருங்காட்சியகம் 2017-இலும், கிளீவ்லாந்து 2019-இலும், ஸ்மித்சோனியன் 2020-இலும் பதிப்புரிமை இல்லாத படங்களைக் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிட்டன. சிகாகோ, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் எல்லாம் பெரிய கோப்பாகவே தருகின்றன. கோப்பில் அடோபி ஆர்ஜிபி போன்ற புரொஃபைல் (எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்ற குறிப்பு) இருந்தால் திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள், பல டிவிகள் புரொஃபைலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நிறம் செத்துப்போய் வரும். என் பிடிவாதம் ஒன்று: ஓவியத்தைத் திரைக்காக வெட்டக் கூடாது, நிஜ அளவிலேயே காட்ட வேண்டும். டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' 45.5-க்கு 41 சென்டிமீட்டர். அதை மட்டும் நடுவில் வைத்தால் மேலும் கீழும் 4 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 27 என்று மவுன்ட் அசிங்கமாக நிற்கும். பக்கத்தில் அவருடைய 'நீல உடையில் கடிதம் படிக்கும் பெண்' (46.5-க்கு 39) வைத்தேன். 95 சென்டிமீட்டர் அகலத் திரையில் இரண்டும் உட்கார்ந்து, ஓரங்களிலும் நடுவிலும் சரியாக ஐந்தைந்து சென்டிமீட்டர் மிச்சம். இரண்டும் ரைக்ஸ்மியூசியத்தில் இருப்பவை, இரண்டிலும் ஒளி இடப்பக்கத்திலிருந்து வருகிறது, என் அறையைப் போலவே. நேற்று அம்மா தொட்டுப் பார்த்தது பால் ஊற்றுகிறவளின் பின்னால் இருக்கும் சுவரைத்தான். அந்தச் சுவரில் வெர்மீர் ஓர் ஆணியையும் ஆணி பிடுங்கிய ஓட்டைகளையும் வரைந்திருப்பார், நிஜ அளவில் வைத்தால்தான் அவை கண்ணில் படும்.

தங்கத் தகடு ஒட்டிய ஓவியங்களை மட்டும் விட்டுவிட்டேன். தஞ்சாவூர்ப் படமானாலும் ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் படமானாலும், நாம் நகரும்போது அந்தத் தங்கமும் மின்னி மாற வேண்டும், திரையில் அது பழுப்பு மஞ்சளாக அப்படியே கிடக்கிறது. நீர்வண்ணமும் மர அச்சுப் படங்களும் திரைக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன, மேற்பரப்பில் பளபளப்பு இல்லாததால். அடுத்த பேனல் வாங்கினால் மேட் (பளபளக்காத) திரைதான். சாம்சங்கின் ஃப்ரேம் டிவி 2017-இலேயே வந்துவிட்டாலும் 2022 மாடலில்தான் மேட் பரப்பு வந்தது, அந்த மாற்றம் எவ்வளவு முக்கியம் என்று எதிர்ச் சன்னலின் பிரதிபலிப்போடு போராடுகிற எனக்கு இப்போது புரிகிறது. இப்போதைக்கு அந்தச் சன்னலுக்குத் திரைச்சீலை.

மரச்சட்டத்தில் மூன்று பக்கம் முடிந்தது. உள்பக்கம் காடி எடுத்து, பெசல் (டிவியின் ஓரச் சட்டம்) மறையும்படி, பின்னால் காற்றுப் போக ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். கீழ்ப்பக்கம் மட்டும் பாக்கி, அதற்குக் காரணம் இருக்கிறது. ரிமோட்டின் கண் அங்கேதான். அணைப்பதும் போடுவதும் சிஇசி (எச்டிஎம்ஐ கம்பி வழியே டிவிக்குக் கட்டளை அனுப்பும் வசதி) வழியாகப் பை செய்துவிடுகிறது. எச்சி-எஸ்ஆர்501 அசைவு சென்சார் போட்டிருக்கிறேன், இருபது நிமிடம் யாரும் வரவில்லை என்றால் திரை தூங்கிவிடும் (பேக்லைட் சுழியத்தில் 28 வாட் என்றாலும் வெறும் அறைக்கு எதற்கு). ஆனால் பேக்லைட்டை சிஇசியால் தொட முடியாது. பகலுக்கு 68 நிட் வேண்டும், சுழியத்தில் இருப்பதோ 50. அதனால் காலையும் மாலையும் ரிமோட்டைத் தூக்க வேண்டியிருக்கிறது, சட்டத்தை மூடினால் அதுவும் போச்சு.

பேக்லைட்டை 80 நிட் வருகிற இடத்தில் நிரந்தரமாக நிறுத்திவிட்டு, மீதி எல்லாவற்றையும் பையிடமே விடலாம் என்று யோசிக்கிறேன். மாலையில் 16 நிட்டுக்கு இறங்க சாம்பல் எண் 123 பக்கம் போகும். கறுப்பு இன்னும் கொஞ்சம் வெளுக்கும், ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி அது தாங்கும். லக்ஸ் அளக்க பிஎச்1750, விளக்கின் நிறம் பார்க்க டிசிஎஸ்34725, இரண்டு சென்சாரும் மேசையில் இருக்கின்றன. சென்சாரைத் திரையைப் பார்க்காமல் அறையைப் பார்த்து வைக்க வேண்டும், மேல் சட்டத்தில் அதற்கு ஆறு மில்லிமீட்டர் துளை போட இடம் குறித்துவிட்டேன். இன்று மாலை விளக்கு போட்டதும் 123-ஐ அட்டையோடு ஒட்டிப் பார்க்கப் போகிறேன். ஒட்டினால் நாளைக்கே கீழ்ப்பக்கச் சட்டத்துக்குப் பசை.