டிராகனோடு குஸ்தி

6 ஜனவரி 2024, சனி

தம்பி ஜிம்முக்குப் போக ஆரம்பித்துவிட்டான். அஞ்சுக்கு அஞ்சு புரோகிராமாம். செட்டுக்கு ஐந்து தடவை, மொத்தம் ஐந்து செட், வாரம் மூன்று நாள். வெறும் 20 கிலோ கம்பியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஸ்குவாட்டுக்கு, அதாவது முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு, 2.5 கிலோ ஏற்ற வேண்டும். தனி நோட்டே போட்டிருக்கிறான்.

நான் தோழியிடம் இரவல் வாங்கிய ரிங் ஃபிட்டைப் பிரித்தேன். உடற்பயிற்சி செய்தே ஆட வேண்டிய வீடியோ கேம். நின்டென்டோ கம்பெனி 2019 அக்டோபரில் வெளியிட்டது. மறுவருஷம் கொரோனா நேரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காமல் அல்லாடிய ஞாபகம். கையில் ஒரு வளையம், இடது தொடையில் ஒரு பட்டை. நின்ற இடத்தில் நாம் ஓடினால் திரையில் இருக்கிற ஆள் ஓடும். வில்லன் ஒரு டிராகன். உடம்பை முறுக்கேற்றிக் காட்டிக்கொண்டே இருக்கும் பிறவி. நான் ஸ்குவாட் போட்டால் அதற்கு அடி விழும்.

“அக்கா, இது சின்னப் பிள்ளைங்க ஆடுறது” என்றான். ஆடட்டும்.

9 ஜனவரி, செவ்வாய்

அடுக்குமாடி புளோக் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் குதித்தால் கீழ்வீட்டு ஆன்ட்டி சும்மா இருப்பாரா? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சத்தமில்லாத முறைக்கு மாற்றிக்கொண்டால் ஓட வேண்டாம், முட்டியை மடக்கி மடக்கி நிமிர்ந்தால் போதும். சலுகை என்று நினைத்துத் தொட்டவளுக்கு இன்று ஆபீஸ் நாற்காலியில் உட்காரவே கைப்பிடி தேவைப்பட்டது.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். இங்கே லீவு கிடையாது. விடியற்காலையில் பொங்கி, நெய் மணக்க ஆபீஸுக்கு ஓடினேன். சாயந்திரம் வடை வேறு. வளையத்தைத் தொடவில்லை.

நின்டென்டோவின் பழைய உடற்பயிற்சி கேமான வீ ஃபிட்டாக இருந்திருந்தால் நாளைக்கு மானம் போயிருக்கும். 2007-ல் ஜப்பானில் வந்தது அது. பலகைமேல் ஏறி நின்றால் எடை பார்த்து, உயரத்துக்கு அது சரியா என்கிற பி.எம்.ஐ. கணக்கைச் சொல்லி, எல்லை தாண்டினால் திரையில் இருக்கும் நம் பொம்மையையே ஊத வைக்கும். தினமும் எடை பார்த்துக் குறித்து வைக்கும் நின்டென்டோ கேம் வடிவமைப்பாளர் மியாமோட்டோவின் பழக்கத்திலிருந்து பிறந்த யோசனை, வேறெப்படி இருக்கும்? பி90எக்ஸ் போன்ற தொண்ணூறு நாள் உடற்பயிற்சி வீடியோ புரோகிராம்களும் முதல் நாளே சட்டையைக் கழற்றிப் போட்டோ எடுத்துவை என்பவைதான். ரிங் ஃபிட் கலோரிக் கணக்குக்காக எடையைக் கேட்டுக்கொள்கிறது. அதற்குமேல் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் ஆடினால் இன்றைக்குப் போதுமா என்று அதுவே கேட்கிறது. எந்த ஜிம் மாஸ்டர் கேட்பார்?

27 ஜனவரி, சனி

தம்பி நாற்பது கிலோவைத் தாண்டிவிட்டான். அவன் நோட்டைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. பாரம் ஏற ஏறத்தான் தசைக்கு வலு. என் வளையத்தின் விறைப்போ மாறவே மாறாது. தடவைகளைத்தான் கூட்ட முடியும். இன்னொன்று: அரை மணி நேரம் ஆடி வியர்த்து முடித்தால், உடம்பு அசைந்த நேரத்தை மட்டும் எண்ணி அதில் பாதியைத்தான் காட்டுகிறது. கேமில் கதை ஓடிய நேரம், அதில் வரும் கடையில் சட்டை பார்த்த நேரம் எல்லாம் கழிந்துபோகிறது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கில் நான் எங்கே எட்டுவது!

ஆனாலும் ஜிம்முக்கு வருகிறாயா என்று அவன் கூப்பிட்டபோது போகவில்லை. அங்கே அடுத்த தடவை என்ன நடக்கும் என்பது இன்றே தெரியும்: இன்னும் இரண்டரை கிலோ. அந்த டிராகன் அடுத்து என்ன சேட்டை செய்யும் என்று எனக்குத் தெரியாது.

11 பிப்ரவரி, ஞாயிறு

சீனப் புத்தாண்டு, அவன் ஜிம் மூடியிருக்கிறது. மத்தியானம் ஹாலில் ஒரே உறுமல். போய்ப் பார்த்தால் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு வியர்வையில் நனைந்து நிற்கிறான். ஆரம்பத்திலேயே நம் பலத்தை அளந்துகொண்டு அதற்குத் தக்கபடிதான் அழுத்தச் சொல்லும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

“அக்கா, இந்த டிராகன் மறுபடியும் வருமா?”

வரும், ஆனால் என் கணக்கில் கை வைக்காதே, உன் பேரில் புதிதாகத் தொடங்கு என்று சொல்லிவிட்டேன்.