குளச்சல் கரையில் ஒரு சிசிலிப் படம்

செப்டம்பர் 28, ஞாயிறு

எங்கள் திரையிடலுக்கு அடுத்த படம் முடிவாகிவிட்டது: இத்தாலிய இயக்குநர் லூக்கினோ விஸ்கோன்டியின் ‘லா டெர்ரா ட்ரேமா’ (1948). இந்தத் தடவை நாகர்கோவிலை விட்டு, குளச்சல் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில் திரையிடுகிறோம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் கறுப்பு வெள்ளைப் படத்தை அங்கே யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. சிசிலியின் ஆச்சி ட்ரெட்சா என்ற கடலோர ஊரில், அவ்வூர் மீனவர்களையே நடிக்கவைத்து, அவர்கள் பேச்சிலேயே எடுத்த படம். இங்கே காட்டாமல் வேறெங்கே காட்டுவது?

அக்டோபர் 3, வெள்ளி

தமிழ் சப்டைட்டில் தயார். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக ஒருவர் மைக்கில் சொல்லுவார்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். மண்டபத்தில் இடமில்லை. நாயகன் ன்டோனி பத்தே நிமிடத்தில் ‘அந்தோணி’ ஆகிவிட்டான். வியாபாரிகளின் தராசை அவன் கடலில் வீசியதும் விசில் பறந்தது. வீட்டை அடகுவைத்துச் சொந்தத் தொழில் தொடங்கி, குடும்பமே கூடி நெத்திலியைப் பீப்பாயில் உப்பிடும் காட்சி வந்தபோது பெண்கள் பக்கம் கலகலவென்று பேச்சு. “அடியில உப்பு, மேல மீனு, பெறவும் உப்பு. நாம போடுததுமாதிரிதான்” என்றார் மீன் விற்கும் அக்கா ஒருவர்.

பிறகு புயல். கறுப்புப் போர்வையோடு பெண்கள் பாறைமேல் நின்று கடலையே பார்க்கிறார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்த கரை இது.

படம் முடிந்து, ஒளிப்பதிவைப் பற்றிப் பேசலாம் என்று குறிப்பு எடுத்துப் போயிருந்தேன். அதற்குள் ஒரு பாட்டா கேட்டார்: “வள்ளம் போச்சு, சரி. உப்புப் போட்ட மீனு அம்புட்டும் வீட்டுல கெடக்கே, அத வித்துக் கடனை அடைச்சா என்ன?”

“வாங்குதவனும் அந்த வியாபாரிமாருதானே, பாட்டா” என்றான் ஒரு பையன்.

ஒரு மணி நேரம் அதைச் சுற்றித்தான் பேச்சு. பிடிப்பவனுக்கு விலை சொல்ல உரிமை இல்லாதவரை புயல் வராவிட்டாலும் அந்தோணி தோற்றிருப்பான் என்றார்கள் பலர். கரையில் முதல் ஏலத்தைத் தரகர் கையிலிருந்து மீட்கச் சங்கம் வைத்த கதையைப் பெரியவர்கள் சொன்னார்கள். அவன் தனியாக இறங்கியதே தப்பு என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. படத்திலும் மற்ற மீனவர்கள் அவனோடு சேரவில்லையே.

அக்டோபர் 6, திங்கள்

அடுத்த பாகம் உண்டா என்று அந்தப் பையன் போனில் கேட்டான். கடல், சுரங்கம், நிலம் என்று மூன்றாகத் திட்டமிட்டு, விஸ்கோன்டி கடலை மட்டுமே எடுத்தார் என்றேன். அடுத்த மாதமும் அங்கேதான் திரையிடல். படத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு அவனும் அந்த அக்காவும் வருகிறார்கள்.