கிணற்றுக்குள் குளோரின்

மூன்று நாளாகப் பெரியம்மா கடைத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தார். காரணம் குளோரின். குளோரினுக்குக் காரணம் நான். எனக்குக் காரணம் சின்னவளின் ரியூசன் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சொந்தத்துக்குள் ஏதோ சாமத்தியவீடாம், வகுப்பு இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இரசாயனப் பிணைப்பில் சோதனை. "அப்பாவைக் கேள், அவர் ஏ.எல்லில் கெமிஸ்ற்றி படிச்சவர்" என்று கைகாட்டிவிட்டு மனிசி சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

படித்தது உண்மைதான். ஜாம்போத்தல் விளக்கில் படித்தேன். மண்ணெண்ணெய் அன்றைக்கு என்ன விலை விற்றது என்று போர்க்காலத்தில் இங்கே யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. எங்கட விளக்குக்கே சொட்டு இல்லை, இந்தச் சோடியத்துக்கு எவ்வளவு கொழுப்பு என்று நினைத்தது மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பெறுபேற்றில் இரசாயனவியலுக்கு எனக்கு வந்தது எஸ், மட்டுமட்டான சித்தி. அதைச் சின்னவளுக்கு நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

குசினி விறாந்தையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். அம்மா ஒரு ஓரமாக முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

சோடியத்திடம் 11 இலத்திரன். உள்ளே இருந்து வெளியே ஓடு ஓடாக 2, 8, 1. குளோரினிடம் 17. 2, 8, 7. "உள்ளுக்க இருக்கிற ரெண்டும் எட்டும் முதுசம். அதில ஒருத்தரும் கைவைக்கேலாது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் கடைசி ஓட்டிலதான். அதுதான் வலுவளவு இலத்திரன்" என்றேன். நன்றாகத்தான் இருந்தது, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

"முதுசம் எண்டால் என்ன?"

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒல்லாந்தர் 1707 இல் எழுதித் தொகுத்த எங்கட வழமைச் சட்டமான தேசவழமை, அதில் முதுசம் என்ற பரம்பரைச் சொத்து, சீதனம், தாமே தேடிய தேடியதேட்டம் என்று மூன்று வகைச் சொத்து, பெண்பிள்ளைக்கு எது, ஆண்பிள்ளைக்கு எது என்று அரைமணித்தியாலம் போய்விட்டது. அம்மா இடைக்கிடை திருத்தினார். மகள் கொப்பியை மூடிவிட்டுக் காலை ஆட்டத் தொடங்கினாள். சரி, சோடியத்துக்குத் திரும்புவோம் என்றேன்.

சோடியம் உலோகம். உலோகங்களுக்குக் கடைசி ஓட்டில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்றுதான் இருக்கும். வைத்திருந்து பாதுகாப்பதைவிடக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது அவர்களுக்குச் சுகம். குளோரின் அல்லுலோகம், கையில் ஏழு, நிறைவான எட்டுக்கு ஒன்று குறைவு. ஆகவே சோடியம் தன்னிடம் இருந்த ஒன்றைச் சீதனமாகக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தவருக்கு நேரேற்றம், வாங்கியவருக்கு மறையேற்றம், அந்த இழுவையில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஏற்றம் பெற்ற அணுதான் அயன், ஆகவே இது அயன் பிணைப்பு. கொடுத்த சோடியம் சுருங்கிவிடும், வாங்கிய குளோரின் பருத்துவிடும். இது நான் கட்டிச் சொன்னதில்லை, அயன் ஆரை என்று பாடத்திலேயே இருக்கிறது.

"எங்கட கலியாணப் படத்தையும் இப்ப ஆளையும் பார்த்தாலே தெரியும், குளோரின் ஆரெண்டு" என்று சீரியலுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. விளம்பர இடைவேளையாக இருக்க வேண்டும்.

நான் காதில் விழாதவன் மாதிரி எழும்பி, ஆனையிறவு உப்பில் பெரிய கல்லாக ஒன்றை எடுத்து அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு போடு போட்டேன். சிதறியது. அடிக்கிறபோது அயன் அடுக்கு நகர்ந்து நேரேற்றத்துக்கு நேரேற்றம், மறையேற்றத்துக்கு மறையேற்றம் எதிரெதிரே வந்துவிடும், வந்ததும் ஒன்றையொன்று தள்ளும் என்று விளங்கப்படுத்தினேன். பிறகு கிணற்றடி அலுமினிய வாளியைக் காட்டினேன். அது எத்தனை தரம் கிணற்றுக்கட்டோடு மோதி நெளிந்திருக்கும்? உடைந்ததா? அலுமினிய அணு ஒவ்வொன்றும் தன் மூன்று வெளி இலத்திரனையும் பொதுவில் விட்டுவிடுகிறது, கோயில் கேணித் தண்ணீர் மாதிரி, ஒருத்தர் பேரிலும் உறுதி கிடையாது. அடுக்கு நகர்ந்தாலும் அந்த இலத்திரன் கடல் பிடித்துக்கொள்ளும். நெளியும், சிதறாது. "வாளியை நெளிச்சது நீதான், அலுமினியம் இல்லை" என்றார் அம்மா. அம்மியில் உப்பைக் கொட்டிய கோபம்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு குளோரின் சந்தித்தால் என்ன செய்யும் என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஒவ்வொன்று குறைவு, இரண்டுக்கும் கொடுக்க மனமில்லை. இரண்டு வட்டம் வரைந்தாள், ஒன்றின் விளிம்பு மற்றதற்குள் புகுந்தபடி. பார்த்ததும் எனக்கு மேலிருந்து பார்த்த எங்கட கிணறு மாதிரியே இருந்தது. பாதி இந்த வளவில், பாதி பெரியம்மா வளவில், நடுவால் மதில். ஒரு சோடி இலத்திரனை இரண்டு அணு பொதுவில் வைத்திருக்கலாம் என்று 1916 இல் லூயிஸ் என்ற அமெரிக்கர் எழுதினார். எங்கட அம்மப்பாவுக்கு அவரைத் தெரியாது. ஆனால் இரண்டு மகள்மாருக்கும் காணியைப் பிரித்துச் சீதன உறுதி எழுதுவித்தபோது, இரண்டிலும் ஒரே மாதிரி, கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் என்று போட்டார். எந்த அரை என்று போடவில்லை. கிணற்றுத் தண்ணீரில் எப்படிப் போடுவது?

அந்த உற்சாகத்தில் குரல் ஏறிவிட்டது. என் குரல் உங்களுக்குத் தெரியும்தானே. "இந்த நடுவில இருக்கிறதுதான் கிணறு! இந்தக் குளோரின் ஒண்டைக் கிணத்துக்க போடுது! அந்தக் குளோரினும் ஒண்டைக் கிணத்துக்க போடுது! போடு பிள்ளை, போடு! ஆ, இப்ப ரெண்டு பேருக்கும் எட்டு!" மகள் புள்ளி போட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன்.

திங்கள் விடிய, கப்பிச் சத்தம் இல்லை. ஐந்து மணிக்குப் பெரியம்மாவின் வாளி விழும் சத்தத்தில்தான் எங்கட வீடே எழும்பும். "அக்காவுக்குச் சுகமில்லையோ" என்று அம்மா மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழரைக்குப் பேரன் தோளில் 19 லீற்றர் போத்தல் ஒன்றைச் சுமந்துகொண்டு படலையைத் தாண்டினான். நான் மதிலடிக்குப் போனேன்.

"ஆரைக் கேட்டுக் கிணத்துக்க குளோரின் போட்டனீங்கள்? என்ர பங்கும்தானே அதுக்க கிடக்கு?"

படம் கீறியதைச் சொன்னேன். நம்பவில்லை. போடச்சொல்லிக் கத்தினதைத் தான் இரண்டு காதாலும் கேட்டாராம். அத்தோடு நிறுத்தியிருந்தால் எஸ் எடுத்தவன் எஸ் எடுத்தவனாகவே இருந்திருப்பேன். நிறுத்தவில்லை. குளோரின் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, பசியோடு இருக்கிற குளோரின்தான் கிருமியிடம் இருந்து இலத்திரனைப் பிடுங்கி அதைக் கொல்லும், வயிறு நிரம்பிய குளோரின் பரமசாது, நாங்கள் சொதிக்குப் போடுகிற உப்பிலேயே அதுதான் இருக்கிறது என்று விளக்கினேன்.

பெரியம்மாவின் முகம் மாறியது. "அப்ப உப்பும் போட்டனீங்களோ?"

கிணறு உவராகிறது என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே நித்திரை வராது. அம்மியில் உப்பு இடித்த சத்தத்தையும் அவர் கேட்டிருக்கிறார். கணக்குச் சரியாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை. அம்மாவோடும் இல்லை. அம்மாவுக்கும் ரோசம். "நம்பாட்டிப் போகட்டும்" என்றார். ஆனால் தண்ணீர் அள்ளும்போது வாளியைக் கட்டோடு வேண்டுமென்றே இடித்து இடித்து அள்ளினார், அந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்று.

அக்காவும் தங்கச்சியும் எப்போதும் இப்படித்தான். ஆனால் போரில் இடம்பெயர்ந்து போயிருந்த தென்மராட்சியில் இருந்து 96 இல் முதலில் திரும்பி வந்தது பெரியம்மா குடும்பம். நாங்கள் வர இரண்டு கிழமை பிந்தியது. வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு மட்டும் இறைத்துத் துப்புரவாகக் கிடந்தது. ஓடு, மரம், செத்த கோழி எல்லாம் தன் கையால் அள்ளியிருக்கிறார். அம்மா அழுதுகொண்டு கேட்டதற்குப் பெரியம்மா சொன்ன பதில்: "பாதிக் கிணத்தை மட்டும் இறைக்கேலுமோ, விசரி?"

சரி. நேற்றுப் பின்னேரம் மதிலுக்கு மேலால் ஒரு துண்டு வந்தது. போத்தல் தண்ணீர்க் கணக்கு. மொத்தத்தில் பாதி எங்களுக்காம், கிணறு பழுதானது எங்களால் என்றபடியால். நான் சண்டைக்கு எழும்பினேன். அம்மா ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பை அவிழ்த்துக் காசை எண்ணி மதிலால் நீட்டினார். காசு போன கையோடு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குடம் வந்தது. போத்தலில் இருந்த தண்ணீரில் சரிபாதி.

அம்மா அதில் தேத்தண்ணி வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "மழைத் தண்ணி மாதிரிச் சப்பெண்டு கிடக்கு. இதைக் குடிச்சோ மூண்டு நாள் இருந்தா?"

"ஓம், நானும் அதைத்தான் சொல்லுறன்" என்றது மதில்.

இன்றைக்கு விடிய ஐந்து மணிக்குக் கப்பி கத்தியது.